ரிப்போர்ட் நார்மல், மாத்திரை வேண்டாமா?

மாரடைப்பு வந்து ஸ்டென்ட் வைத்துக்கொண்டவர்கள் வீடு திரும்பும்போது மருந்துப் பையில் அடோர்வாஸ்டாட்டின் அல்லது ரோசுவாஸ்டாட்டின் அநேகமாக இருக்கும். மூன்று மாதம் கழித்து ரத்தப் பரிசோதனையில் எல்.டி.எல். என்ற கெட்ட கொழுப்பு இறங்கியிருக்கும். ‘ரிப்போர்ட் நார்மல் ஆகிவிட்டதே’ என்று பலர் அன்றே மாத்திரையை நிறுத்திவிடுகிறார்கள். கொழுப்பு இறங்கியதே மாத்திரையால்தான். நிறுத்தினால் சில வாரங்களில் அது பழைய அளவுக்கு ஏறிவிடும். வலியோ மயக்கமோ எதுவும் முன்கூட்டிச் சொல்லாது.

ஜப்பானிய விஞ்ஞானி அகிரா எண்டோ 1970களில் ஒரு பூஞ்சையிலிருந்து பிரித்தெடுத்த பொருளில் தொடங்கியது இந்த ஸ்டாட்டின் மருந்துகளின் கதை. கல்லீரல் கொழுப்பு தயாரிப்பதை இவை குறைக்கின்றன. பற்றாக்குறையை ஈடுகட்ட, கல்லீரல் ரத்தத்திலுள்ள எல்.டி.எல்.லை அதிகமாக உறிஞ்சிக்கொள்கிறது. 1994இல் வெளியான ஸ்காண்டிநேவிய ஆய்வில் இதய நோயாளிகள் 4,444 பேர் பங்கேற்றனர். ஐந்து ஆண்டுகளுக்குச் சற்றே கூடுதலான காலத்தில், மாத்திரை எடுத்தவர்களிடையே இறப்பு 30 சதவீதம் குறைந்தது.

நன்மையையும் தீமையையும் ஒரே கணக்கில் வைத்துப் பார்க்கலாம். 2016இல் லான்செட் இதழ் வெளியிட்ட மதிப்பீடு இது: ஏற்கெனவே இதய நோய் உள்ள 10,000 பேர் வலுவான அளவில் ஐந்து ஆண்டுகள் மாத்திரை எடுத்தால், சுமார் 1,000 பேருக்கு மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை தவிர்க்கப்படும். நோய் இன்னும் வராத, ஆனால் ஆபத்து கூடியவர்களில் சுமார் 500 பேர் தப்புவார்கள். மறுபுறம், 50 முதல் 100 பேருக்குப் புதிதாகச் சர்க்கரை நோய் வரலாம். ஐந்து பேருக்குக் கடுமையான தசை பாதிப்பும், ஐந்து முதல் பத்துப் பேருக்கு மூளையில் ரத்தக் கசிவும் ஏற்படலாம்.

ஆகவே, மாரடைப்பு வந்தவருக்கு இந்த மாத்திரை அவசியம் என்பதே என் உறுதியான கருத்து. கொழுப்பு சற்றே கூடிய, ரத்த அழுத்தமோ சர்க்கரையோ புகைப்பழக்கமோ இல்லாத முப்பத்தைந்து வயதுக்காரரின் கணக்கு வேறு. ‘பத்து ஆண்டில் எனக்கு மாரடைப்பு வரும் வாய்ப்பு எவ்வளவு? மாத்திரை எடுத்தால் எவ்வளவு குறையும்?’ என்று அவர் மருத்துவரிடம் கேட்கட்டும். தேசிய மனித உரிமை ஆணையம் உருவாக்கிய நோயாளர் உரிமைச் சாசனம், விளக்கம் பெறவும் வேறொரு மருத்துவரின் கருத்தைக் கேட்கவும் உரிமை உண்டு என்கிறது. மருந்தை எந்தக் கடையில் வாங்குவது என்பதும் உங்கள் முடிவுதான். அரசு மருத்துவமனையிலோ மக்கள் மருந்தகத்திலோ கிடைக்கும் ஜெனரிக் மாத்திரையிலும் இருப்பது அதே மருந்துதான்.

பக்கவிளைவுகளில் அதிகம் பேசப்படுவது தசை வலி. 2020இல் வெளியான ஒரு பிரிட்டன் ஆய்வில், ஸ்டாட்டினால் ஏற்பட்ட தொந்தரவில் 90 சதவீதம், மருந்தே இல்லாத போலி மாத்திரையை விழுங்கியபோதும் வந்தது. அதற்காக உங்கள் வலியைப் பொய் என்று யாரும் தள்ளிவிடக் கூடாது. இரு தொடைகளிலும் தோள்களிலும் கடும் வலி, பலவீனம், டிகாஷன் நிறத்தில் சிறுநீர் என்றால் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். சி.கே. என்ற ரத்தப் பரிசோதனை உண்மையைக் காட்டிவிடும். லேசான வலிக்கு அளவைக் குறைக்கலாம், வேறு ஸ்டாட்டினுக்கு மாறலாம், எசெட்டிமைப் என்ற வேறு மருந்தைச் சேர்க்கலாம். வழிகள் நிறைய உண்டு.

அதிகம் கவனிக்கப்படாத ஆபத்து வேறு மருந்துகளுடன் சேரும்போது வருகிறது. படர்தாமரைக்கு இப்போது தாராளமாக எழுதப்படும் இட்ராகொனசோல், நெஞ்சுச் சளிக்குத் தரப்படும் கிளாரித்ரோமைசின் இரண்டும் சிம்வாஸ்டாட்டின், அடோர்வாஸ்டாட்டின் அளவை ரத்தத்தில் பல மடங்கு ஏற்றிவிடும். தோல் மருத்துவரிடமோ பல் மருத்துவரிடமோ போனாலும் பழைய மருந்துச் சீட்டைக் கையோடு கொண்டுபோங்கள். சீட்டு இல்லாமல் இந்த மருந்துகளை மெடிக்கலில் கேட்டு வாங்காதீர்கள். சட்டமும் அதை அனுமதிப்பதில்லை. கருவுற்றிருப்பவர்களும் கருத்தரிக்கத் திட்டமிடுபவர்களும் உடனே மருத்துவரிடம் சொல்ல வேண்டும். பெரும்பாலும் மாத்திரையை நிறுத்தச் சொல்வார்கள்.

‘இதய அடைப்பைக் கரைக்கும் லேகியம்’ என்று விளம்பரம் செய்வது 1954ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். அதை நம்பி ஸ்டாட்டினை விட்டவர்களை நினைத்தால் நெஞ்சு பதைக்கிறது. அப்படிப்பட்ட விளம்பரம் கண்ணில் பட்டால் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறைக்கு எழுதுங்கள். மருந்தால் பாதிப்பு என்று தோன்றினால் 1800-180-3024 என்ற கட்டணமில்லா எண்ணில் நோயாளியே நேரடியாகத் தெரிவிக்கலாம். மாத்திரையின் பெயர், அளவு, தொடங்கிய தேதி, அட்டையில் அச்சிட்ட பேட்ச் எண் ஆகியவற்றைக் கேட்பார்கள். அதனால் காலி அட்டையைத் தூக்கி எறியாமல் எடுத்து வையுங்கள்.