கிட்டே வந்த வரலாறு, எட்டப் போன வரைபடம்

எண்பதுகளில் ஆறாம், ஏழாம் வகுப்பு படித்தவர்களுக்குப் பூகோள பீரியட் என்றதும் நினைவுக்கு வருவது சுவரில் தொங்கும் துணிப்படம். மேலும் கீழும் மரச்சட்டம் வைத்துச் சுருட்டிய அந்தப் படத்தைத் தலைமையாசிரியர் அறையிலிருந்து தூக்கி வர இரண்டு பேர் ஓடுவார்கள். ஆணியில் மாட்டியதும், ஆசிரியர் பிரம்பு நுனியால் இமயமலையைத் தொட்டு, கங்கையோடு வங்காள விரிகுடா வரைக்கும் இழுத்துக்கொண்டு வருவார்.

அடுத்தது பிள்ளைகளின் முறை. நோட்டுக்கடையில் வாங்கிய இந்தியப் படத்தில் முதலில் கடகரேகை, பிறகு நர்மதை, கோதாவரி, கிருஷ்ணா, காவிரி. நீலப் பென்சிலின் முனையை பிளேடால் சுரண்டி, அந்தத் தூளைக் கரையோரமாகத் தூவி, மடித்த தாளால் தேய்த்தால் கடல் வந்துவிடும். படம் வாங்கக் காசில்லாதவர்கள் வெறுந்தாளிலேயே வரைவார்கள். கட்ச் வளைகுடாவின் வளைவு சரியாக வரும்வரை ரப்பர் தேயும். வரைந்து வரைந்து நாட்டின் உருவம் கைக்குப் பழகிவிட்டது. அந்தத் தலைமுறையில் பலர் இன்றும் கண்ணை மூடிக்கொண்டு இந்தியாவை வரைந்துவிடுவார்கள்.

அதே வகுப்பறையில் நடந்த சரித்திரப் பாடத்துக்கு இந்தப் பாக்கியம் கிடைக்கவில்லை. முதலாம் பானிபட் போர் 1526, இரண்டாவது 1556, மூன்றாவது 1761. ஒப்பித்தால் மதிப்பெண். மூன்று போரும் ஏன் ஒரே இடத்தில் நடந்தன என்று கேட்கத் தோன்றவில்லை, கேட்கத் தூண்டுவாரும் இல்லை. வடமேற்குக் கணவாய்கள் வழியாக வரும் படை டெல்லிக்குப் போகும் சமவெளிப் பாதையில் பானிபட் கிடக்கிறது என்ற விடை, மறுநாள் தொங்கவிட்ட துணிப்படத்தில் கண்ணெதிரே இருந்தது. சரித்திரம் என்றாலே டெல்லியில் நடந்தது, நமக்கு அதில் வேலை இல்லை என்ற எண்ணத்தோடுதான் பெரும்பாலோர் பள்ளியை விட்டு வெளியே வந்தோம். ஊர்க் கோயில் சுவரில் இருந்த கல்வெட்டை எந்த ஆசிரியரும் காட்டியதில்லை.

இன்று இந்த நிலை தலைகீழ். 2018 முதல் வந்த தமிழ்நாட்டின் புதிய பாடநூல்களில் ஆறாம் வகுப்பின் முதல் வரலாற்றுப் பாடமே வரலாறு என்றால் என்ன என்று கேட்டுத் தொடங்குகிறது. சான்றுகளை எப்படிப் படிப்பது என்பது முன்னே வந்திருக்கிறது. அரசர் பட்டியல் பின்னே போயிருக்கிறது. பூம்புகாரும் மதுரையும் காஞ்சியும் பண்டைய நகரங்களாகப் பாடத்தில் இடம்பிடித்துவிட்டன. திருப்புல்லாணி அரசுப் பள்ளியில் தொன்மைப் பாதுகாப்பு மன்றம் வைத்து, மாணவர்களே வயல்வெளியில் பானையோடு தேடினார்கள், கல்வெட்டு எழுத்துகளைப் படிக்கப் பழகினார்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக, வைகைக் கரையில் உள்ள கீழடி அகழாய்வு. 353 செ.மீ. ஆழத்தில் கிடைத்த கரித்துண்டின் காலம் கி.மு. 580 என்று ஆய்வகம் சொன்னதைத் தமிழகத் தொல்லியல் துறை 2019-இல் வெளியிட்டது. 2023 மார்ச்சில் செட்டிநாட்டு வீட்டுப் பாணியில் அருங்காட்சியகமும் திறந்தாயிற்று. ‘ஆதன்’ என்று பெயர் கீறிய பானையோட்டின் முன்னால் ஒரு ஏழாம் வகுப்புப் பிள்ளை எழுத்துக்கூட்டிப் படிக்கும்போது, தன் ஊர்க்காரர் ஒருவர் தன் பெயரை எழுதிவைத்தது அதற்குப் புரிகிறது. இது பெரிய வெற்றி. மனமாரச் சொல்கிறேன்.

ஆனால் அந்தப் பிள்ளையிடமே வைகை எங்கே பிறக்கிறது, எந்தப் பக்கம் ஓடுகிறது என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் பதில் வராது.

புவியியல் பக்கங்கள் மோசம் என்று சொல்லமாட்டேன். வண்ணப் படங்கள், க்யூஆர் கோடு, ஸ்மார்ட் வகுப்பறை எல்லாம் உண்டு. திரையில் எரிமலை வெடிப்பதைக் காட்டலாம். அன்று அதைச் சொல்லில்தான் காட்டினார்கள். குறைந்தது கையின் வேலை. வரைபடம் என்பது தேர்வில் குறிக்கவேண்டிய சில இடங்கள் என்று சுருங்கிவிட்டது. வீட்டிலும் தெருவிலும் செல்போன் வழி சொல்கிறது. வண்டி போகும் திசையே பெரும்பாலும் திரையில் மேலே நிற்கிறது. வடக்கு எது என்று தெரியாமலே ஊருக்குப் போய்ச் சேர்ந்துவிடலாம். திசை தெரியாத பிள்ளைக்குப் பருவக்காற்றை எப்படிப் புரியவைப்பது?

ஆசிரியர்களைக் குறை சொல்லவும் மனம் வரவில்லை. 2009 கல்வி உரிமைச் சட்டப்படி ஆறு முதல் எட்டு வரை சமூக அறிவியலுக்குக் குறைந்தது ஒருவர் இருக்கவேண்டும். பல நடுநிலைப் பள்ளிகளில் அந்த ஒருவர்தான் வரலாறு, புவியியல், குடிமையியல் மூன்றுக்கும். வரலாறு படித்து வந்தவர் அட்சரேகை பாடத்தை அவசரமாக முடிப்பதும், புவியியல் படித்தவர் சோழரை வாசிக்கவிட்டுக் கடப்பதும் நடக்கிறது. போதாததற்கு எமிஸ் என்ற அரசு இணையதளத்தில் பள்ளி விவரங்களைப் பதிவேற்றும் வேலை வேறு. வரைபட வேலைக்கு நிதானம் வேண்டும். அதற்குத்தான் நேரம் இல்லை.

புவியியல் தெரிந்தால் என்ன லாபம் என்று கேட்பவர்கள் உண்டு. 2004 டிசம்பர் 26 அன்று தாய்லாந்தின் மாய் காவ் கடற்கரையில் பத்து வயது இங்கிலாந்துச் சிறுமி டில்லி ஸ்மித், கடல் நுரைத்துப் பொங்குவதைப் பார்த்தாள். இரண்டு வாரத்துக்கு முன்புதான் வகுப்பில் சுனாமியைப் பற்றிப் படித்திருந்தாள். பெற்றோரிடம் சொல்ல, கரையில் இருந்தவர்கள் தப்பினார்கள். அதே நாளில் நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை இழந்தோம். சுனாமி என்ற சொல்லே அன்று நம்மில் பலருக்குப் புதிது. இன்று பேரிடர் பாடம் ஆறாம் வகுப்பிலேயே இருக்கிறது. கடலோரப் பிள்ளை ஒவ்வொன்றும் தன் தெருவிலிருந்து மேட்டு நிலத்துக்குப் போகும் வழியைத் தானே வரைந்து பார்த்தால்தான் அந்தப் பாடம் முழுமையாகும்.

வரலாற்றை ஊருக்குக் கொண்டுவந்த நம்மால் புவியியலையும் கொண்டுவர முடியும். புதிய பாடத்திட்டமோ கருவியோ தேவையில்லை. ஆற்றங்கரையில் ஏன் நகரம் எழுந்தது என்ற ஒரு கேள்வியில் இரண்டு பாடமும் சேர்ந்துகொள்ளும். கீழடிக்குப் பிள்ளைகளை அழைத்துப்போகும் ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள்: பேருந்து ஏறுவதற்கு முந்தைய நாள், வருசநாட்டு மலையில் பிறந்து ராமநாதபுரம் பெரிய கண்மாய்ப் பக்கம் வரும் வைகையை ஒவ்வொருவரையும் ஒரு தாளில் வரையச் சொல்லுங்கள். கீழடி அதில் எங்கே வருகிறது என்று அவர்களே புள்ளி வைக்கட்டும்.