சிற்றலைப் பெட்டி வாங்குமுன்

ஊரை விட்டுத் தொலைவில் வாழும் தமிழருக்குச் சிற்றலை வானொலி நெடுங்காலம் உற்ற துணையாக விளங்கிற்று. டில்லியிலும் ஜாம்ஷெட்பூரிலும் குடியேறிய அன்பர் பலர், இன்றும் மாதச் செலவில் சிறிது மிச்சம் பிடித்து, உலக நிலையங்களைக் கேட்க ஒரு பெட்டி வாங்க விரும்புகின்றனர். அப்பணம் வீணாகாதிருக்கச் சில செய்திகளை அறிதல் நலம்.

முதற்கண், எதைக் கேட்கப் போகிறோம் என்று தெளிதல் வேண்டும். 1941இல் தொடங்கிய பி.பி.சி.யின் தமிழோசை 2017 ஏப்ரலில் வானொலியில் ஓய்ந்தது. ஆஸ்திரேலிய வானொலியின் சிற்றலை ஒலிபரப்பும் அதே ஆண்டு ஜனவரியில் நின்றது. பழைய நினைவை மட்டும் நம்பி வாங்குவோர் ஏமாற்றமடைவர். ஆயினும் பி.பி.சி.யின் ஆங்கில ஒலிபரப்பு, சீன, ருமேனிய வானொலிகள் முதலியன இன்றும் சிற்றலையில் உண்டு. அவற்றின் நேரமும் அலைவரிசையும் மார்ச், அக்டோபர் மாத இறுதியில் மாறும். ஆதலால் நடப்பு அட்டவணையைப் பார்த்து, நாம் விரும்பும் நிலையங்களை முதலில் குறித்துக்கொள்ள வேண்டும்.

அடுத்து, அலைவரிசை. சிற்றலை என்பது 3 முதல் 30 மெகாஹெர்ட்ஸ் வரை உள்ள பகுதி. பூமிக்கு மேலே உள்ள அயனி மண்டலம் இவ்வலைகளை வளைத்து மீண்டும் தரைக்கு அனுப்புவதால், அவை கடல் கடந்தும் வருகின்றன. கல்கத்தாவில் இம்மண்டலத்தை ஆராய்ந்த சிசிர் குமார் மித்ரா 1947இல் வெளியிட்ட நூல் உலகப் புகழ் பெற்றது. பகலில் இம்மண்டலத்தின் கீழ் அடுக்கு தாழ்ந்த அலைவரிசைகளை உறிஞ்சிவிடும். எனவே பகலில் 19, 16 மீட்டர் பட்டைகளும், இரவில் 49, 41 மீட்டர் பட்டைகளும், பெரும்பாலான வேளைகளில் 31, 25 மீட்டர் பட்டைகளும் பயன்படும். 300ஐ மெகாஹெர்ட்ஸால் வகுத்தால் மீட்டர் கிடைக்கும்; 9.7 மெகாஹெர்ட்ஸ் என்பது ஏறத்தாழ 31 மீட்டர். இப்பட்டைகள் அனைத்தும் இல்லாத பெட்டி எவ்வளவு மலிவாயினும் வேண்டாம்.

'பன்னிரண்டு பட்டை' என்ற பெரிய எழுத்துகளைக் கண்டு மயங்கற்க. முள் நகரும் மலிவுப் பெட்டிகளில் பல நிலையங்கள் ஒரு விரற்கடைக்குள் நெருங்கி நிற்கும். குறித்த நிலையத்தைப் பிடிப்பது அரிது. அவற்றுள் சிலவற்றில் ஒரே நிலையம் உரிய இடத்திற்கு 910 கிலோஹெர்ட்ஸ் தள்ளிப் போலியாகவும் ஒலிக்கும். அலைவரிசையை இலக்கத்தில் காட்டி, எண்ணை நேரே அழுத்தி நிலையத்தைப் பெறும் வசதியுள்ள சிறிய பெட்டிக்குச் சற்றுக் கூடுதலாகக் கொடுப்பது சிக்கனமே. எஸ்.எஸ்.பி. வசதி அமெச்சூர் வானொலியாளருக்குத் தேவை. உலகச் செய்தி கேட்போர் அதற்குப் பணம் கொடுக்க வேண்டுவதில்லை. எளிதில் கிடைக்கும் மின்கலத்தால் இயங்குவதாகவும், வெளி ஏரியலை இணைக்க ஒரு துளை உள்ளதாகவும் இருப்பது நன்று.

நகரவாசிகளுக்குப் பெரும் பகை இரைச்சல். கைப்பேசிச் சார்ஜர், எல்.இ.டி. விளக்கு, இன்வெர்ட்டர் ஆகியவை எழுப்பும் இரைச்சலில் விலையுயர்ந்த பெட்டியும் ஊமையாகிவிடும். மின்கலத்தில் இயக்கிச் சன்னலருகே வைத்துப் பார்க்க வேண்டும். ஐந்து முதல் எட்டு மீட்டர் உறையிட்ட கம்பியைச் சன்னல் வழியே நீட்டிப் பெட்டியின் ஏரியலில் மாட்டினால், மங்கலாகக் கேட்ட நிலையமும் பெரும்பாலும் தெளிவு பெறும். மிக நீண்ட கம்பி சிறு பெட்டியைத் திணறச் செய்யும். இடி மின்னல் வேளையில் கம்பியைக் கழற்றிவிட வேண்டும்.

கடைக்குச் செல்வோர் மாலை வேளையில், குறித்துவைத்த அலைவரிசைகளுடன் செல்க. கடையினுள் விளக்கொளியில் கேட்டு முடிவு செய்யாது, வாசலுக்கு வந்து இரண்டு மூன்று நிலையங்களைப் பிடித்துப் பார்க்கவும். வீட்டில் கேட்காவிடில் திருப்பிக் கொடுக்க இயலுமா என்று முன்னரே வினவுக. குறைந்த விலைப் பெட்டியும் தகுந்த கம்பியும் அமைதியான ஒரு மூலையும் வாய்த்தால், அயலூரில் ஒற்றை அறையில் வாழ்பவருக்கும் உலகின் குரல் எட்டாததன்று.