பெட்டி ரெடி, மனசு 'திக் திக்'!

தனியாக வெளிநாட்டு வேலைக்குப் போகிறவர்கள் எதற்குப் பயப்பட வேண்டும்?

கோவை,

டிக்கெட் வந்துவிட்டது. விசா வந்துவிட்டது. பெட்டியும் கட்டியாகிவிட்டது. தூக்கம் மட்டும் வரவில்லை!

கோவை ஆர்.எஸ்.புரத்தில் வெளிநாட்டு வேலைக்குத் தனியாகப் புறப்படும் வாலிபர்களுக்கும் இளம்பெண்களுக்கும் கடைசி வாரத்தில் வரும் வியாதி இது. டி.பி.ரோட்டில் புது சூட்கேஸ் வாங்கியபோது இருந்த உற்சாகம், நாள் நெருங்க நெருங்கக் காற்றுப் போன பலூன் ஆகிவிடுகிறது. சோறு இறங்குவதில்லை. வயிற்றைக் கலக்குகிறது. ஒரே ராத்திரியில் பத்துத் தடவை பாஸ்போர்ட்டை எடுத்துப் பார்க்கத் தோன்றுகிறது.

கம்ப்யூட்டர் கம்பெனி அனுப்பி மூன்று மாதம் ஜெர்மனி போகிறவர் உண்டு. நர்ஸ் வேலைக்கு வளைகுடா போகிறவர் உண்டு. கோவை பம்ப் செட்டைப் பொருத்திக் கொடுக்க ஆப்பிரிக்கா போகும் மெக்கானிக் உண்டு. பட்டறையில் வேலை கற்று சிங்கப்பூர் போகிறவர் உண்டு. படிப்பு வேறு, சம்பளம் வேறு. பயம் மட்டும் எல்லோருக்கும் ஒன்றுதான்.

வெளியே சொல்லவும் வெட்கம். "பையன் சிங்கப்பூர் போறானாமா!" என்று தெருவே பேசிக்கொண்டிருக்கும்போது, "எனக்குப் பயமா இருக்குதுங்க" என்று எப்படிச் சொல்வது?

இந்த வெட்கம்தான் ஆபத்து. பயந்தவன் நாலு பேரிடம் விசாரிப்பான். வெட்கப்பட்டவன் வாயை மூடிக்கொண்டு விமானம் ஏறிவிடுவான். மோசடி ஆசாமிகளுக்கு வேண்டியது இப்படி வாயை மூடிக்கொள்ளும் ஆள்தான்.

வயிற்றைக் கலக்குவது ஏன்?

தெரியாத இடத்துக்குப் போகிறோம் என்றதும் உடம்பு தானாக உஷார் ஆகிறது. நெஞ்சு வேகமாக அடிக்கிறது. ரத்தம் வயிற்றை விட்டுக் கை கால்களுக்கு ஓடுகிறது. அதனால்தான் பசி எடுப்பதில்லை, வயிறு பிசைகிறது. நாய் துரத்தினால் ஓடுவதற்காக இயற்கை கொடுத்த ஏற்பாடு இது. விமான டிக்கெட்டைப் பார்த்தாலும் உடம்பு அதே வேலையைச் செய்கிறது.

ஆகவே, இது கோழைத்தனம் இல்லை. "ஏதோ தெரியாமல் இருக்கிறது, போய் விசாரி" என்று உடம்பு சொல்கிறது. அவ்வளவுதான்.

'இங்கிலீஷ் வராதுங்களே!'

எதற்குப் பயம் என்று கேட்டால் பெரும்பாலும் நாலு பதில்தான் வரும். விமானம் விழுந்துவிட்டால்? இமிகிரேஷன் அதிகாரி ஏதாவது கேட்டால்? இங்கிலீஷ் வராவிட்டால்? இறங்கியதும் வழி தவறிவிட்டால்?

முதலாவதைத் தள்ளுங்கள். நூறு கி.மீ. வேகத்தில் அவிநாசி ரோட்டில் மோட்டார் சைக்கிள் ஓட்டுகிறவர் விமானத்துக்குப் பயப்படுவது வேடிக்கை!

இமிகிரேஷன் அதிகாரி கேட்கும் கேள்விகளும் பெரும்பாலும் வழக்கமானவைதான். எங்கே போகிறாய்? என்ன வேலை? எத்தனை நாள்? எங்கே தங்குவாய்? இந்த நாலுக்கும் பதில் கையில் உள்ள காகிதத்தில் இருக்க வேண்டும். இருந்தால் பேச்சு தானாக வரும். இல்லாவிட்டால் இங்கிலீஷில் எம்.ஏ. படித்தவரும் உளறுவார்.

இங்கிலீஷ் பயமும் அப்படித்தான். சிங்கப்பூரின் நாலு ஆட்சி மொழிகளில் தமிழும் ஒன்று. பள்ளிப்படிப்பைப் பாதியில் விட்டவர் நம்ம ஊர் ஜி.டி.நாயுடு. அவர் 1930களிலேயே ஐரோப்பா போய் வந்தார். 1936ல் லண்டனில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் இறுதி ஊர்வலத்தைத் தன் கேமராவில் படம் பிடித்தார். படிப்பு குறைவு என்று அவர் வீட்டில் உட்கார்ந்துவிடவில்லை.

வழி தவறும் பயத்துக்கு மருந்து ஒரு துண்டுச் சீட்டு. தங்கும் இடத்தின் முகவரி, கம்பெனி ஆளின் போன் நம்பர் இரண்டையும் காகிதத்தில் எழுதிச் சட்டைப்பையில் வைக்க வேண்டும். செல்போனில் மட்டும் வைத்தால் போதாது. போன் சார்ஜ் தீரும். அந்த ஊர் சிம் உடனே கிடைக்காது. காகிதம் அணைந்து போகாது!

மியான்மரில் சிக்கிய வாலிபர்கள்

உண்மையிலேயே பயப்பட வேண்டியது வேறு.

2022ல் நடந்ததை நினைத்துப் பாருங்கள். "தாய்லாந்தில் கம்ப்யூட்டர் வேலை, கை நிறையச் சம்பளம்" என்று சமூக வலைத்தளங்களில் விளம்பரம் வந்தது. துபாயிலும் இந்தியாவிலும் இருந்த ஏஜெண்டுகள் ஆள் பிடித்தார்கள். படித்த வாலிபர்கள் நம்பிப் போனார்கள்.

பாங்காக்கில் இறங்கியவர்களைக் காரில் ஏற்றி எல்லைக்குக் கொண்டுபோனார்கள். அங்கிருந்து திருட்டுத்தனமாக மியான்மர் நாட்டின் மியாவாடி பகுதிக்குக் கடத்தினார்கள். அங்கே நடந்தது கம்ப்யூட்டர் வேலை இல்லை, இன்டர்நெட் மோசடி! முகம் தெரியாதவர்களிடம் ஆசை வார்த்தை பேசி, 'கிரிப்டோ' என்று சொல்லிப் பணம் கறக்க வேண்டும். மறுத்தால் அடி, உதை.

2022 செப்டம்பரில் மத்திய வெளியுறவுத் துறை எச்சரிக்கை வெளியிட்டது. அக்டோபரில் மீட்கப்பட்ட தமிழர்கள் 13 பேர் சென்னை வந்து சேர்ந்தார்கள். அதோடு கதை முடியவில்லை. 2025 மார்ச்சில் இரண்டு விமானப்படை விமானங்களில் 549 இந்தியர்கள் தாய்லாந்து வழியாக அழைத்து வரப்பட்டார்கள். முதல் விமானத்தில் 283 பேர். இரண்டாவதில் 266 பேர்.

இவர்கள் ஏறிய விமானம் பத்திரமாகத்தான் இறங்கியது. இமிகிரேஷனையும் தாண்டினார்கள். வேலை கொடுப்பதாகச் சொன்னது யார் என்பதுதான் பொய்யாக இருந்தது!

காகிதத்தைப் படி, பிறகு பெட்டி கட்டு!

முதலில் விசாவைப் பார்க்க வேண்டும். அது வேலை விசாவா, சுற்றுலா விசாவா? "டூரிஸ்ட் விசாவுல போ தம்பி, அங்க போயி மாத்திக்கலாம்" என்று யாராவது சொன்னால் உஷார்! சுற்றுலா விசாவில் போய் வேலை பார்ப்பது குற்றம். மாட்டினால் ஜெயில் உங்களுக்கு, கமிஷன் ஏஜெண்டுக்கு.

சிங்கப்பூர் ஒர்க் பெர்மிட் என்றால், புறப்படும் முன்பே முன் அனுமதிக் கடிதம் கைக்கு வர வேண்டும். 'ஐ.பி.ஏ.' என்பார்கள். சம்பளம் எவ்வளவு, பிடித்தம் எவ்வளவு என்பதெல்லாம் அதில் இருக்கும். தொழிலாளிக்குப் புரிகிற மொழியில் அது தரப்பட வேண்டும் என்பது அந்த நாட்டு விதி. ஏஜெண்ட் வாயால் சொன்ன சம்பளமும் கடிதத்தில் உள்ள சம்பளமும் ஒன்றாக இல்லையென்றால், பெட்டியை அவிழ்த்துவிடலாம்.

அடுத்து, ஏஜெண்ட். வெளிநாட்டுக்கு ஆள் எடுக்க மத்திய அரசின் லைசென்ஸ் வேண்டும். 1983ல் வந்த சட்டம் இது. லைசென்ஸ் உண்மையா என்பதை அரசின் 'இ-மைகிரேட்' இணையதளத்தில் வீட்டில் இருந்தே பார்க்கலாம். ஏஜெண்ட் வாங்கக்கூடிய கட்டணம் அதிகபட்சம் 30,000 ரூபாய், ஜி.எஸ்.டி. சேர்த்தால் 35,400 ரூபாய். ரசீது கொடுக்க வேண்டும். லட்சக்கணக்கில் ரொக்கமாகக் கேட்டு, "ரசீதெல்லாம் எதுக்குங்க, நம்ம ஆளுதானுங்களே" என்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

தனி ஏஜெண்ட் வேண்டாம் என்றால், தமிழக அரசுக்குச் சொந்தமான அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் சென்னையில் இருக்கிறது. 1978ல் தொடங்கியது.

பத்தாவது பாஸா, பெயிலா?

பத்தாம் வகுப்பு தேறாதவர்களின் பாஸ்போர்ட் பெரும்பாலும் 'ஈ.சி.ஆர்.' வகையாக இருக்கும். சவூதி, குவைத், ஐக்கிய அரபு எமிரேட்ஸ், மலேசியா, தாய்லாந்து உட்பட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போக இவர்கள் 'எமிகிரேஷன் கிளியரன்ஸ்' வாங்க வேண்டும். இதை ஒரு தொல்லை என்று நினைப்பவர்கள் உண்டு. "கிளியரன்ஸ் இல்லாமலே அனுப்பறேன்" என்று ஆசை காட்டும் ஏஜெண்டுகளும் உண்டு.

ஆனால் கிளியரன்ஸுக்குப் போனால்தான் வேலை ஒப்பந்தம் அரசாங்கக் கணக்கில் ஏறுகிறது. இன்ஷூரன்சும் வருகிறது. இரண்டு ஆண்டுக்கு 275 ரூபாய், மூன்று ஆண்டுக்கு 375 ரூபாய்தான் கட்டணம். விபத்தில் உயிர் போனாலோ நிரந்தர ஊனம் ஆனாலோ 10 லட்சம் ரூபாய் கிடைக்கும்.

இந்த வகை பாஸ்போர்ட் உள்ள பெண்கள் இந்த நாடுகளுக்கு வேலைக்குப் போக 30 வயது ஆகியிருக்க வேண்டும். நர்ஸ்கள் பட்டம் படித்திருந்தாலும் கிளியரன்ஸ் வாங்க வேண்டும் என்று 2015ல் விதி வந்தது. ஏமாந்த பெண்களின் கண்ணீருக்குப் பிறகு வந்த விதிகள் இவை.

ஜெர்மனி போன்ற ஐரோப்பிய நாடுகளுக்குக் கம்பெனி வேலையாகக் கொஞ்ச நாள் போகிறவர்கள் கவனிக்க வேண்டியது வேறு. ஷெங்கன் விசாவுக்கு 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவ இன்ஷூரன்ஸ் வேண்டும். 180 நாளில் 90 நாளுக்கு மேல் தங்கக்கூடாது.

கசகசா உஷார்!

வீட்டுக்காரர்கள் பாசத்தோடு கட்டிக் கொடுக்கும் மூட்டையிலும் வம்பு இருக்கிறது.

குருமாவுக்குப் போடும் கசகசா நமக்கு மளிகைச் சாமான். ஐக்கிய அரபு எமிரேட்ஸிலும் சிங்கப்பூரிலும் அது தடை செய்யப்பட்ட சரக்கு! கசகசா அரைத்துச் சேர்த்த மசாலாப் பொடியும் வேண்டாம். பொள்ளாச்சிக் கொப்பரையும் விமானத்தில் ஆகாது. எண்ணெய்ப் பசை இருப்பதால் தீப்பிடிக்கும் பொருளாகக் கருதி 2022ல் அதற்குத் தடை போட்டார்கள். பவர் பேங்க்கைப் பெரிய பெட்டியில் போடக்கூடாது. கைப்பையில்தான் வைக்க வேண்டும். தூக்க மாத்திரை, வலி மாத்திரை இருந்தால் டாக்டர் சீட்டும் கூடவே இருக்கட்டும்.

எல்லாவற்றையும் விட மோசமானது அடுத்தவர் பார்சல். "என்ற மச்சான் அங்கதானுங் இருக்கான், இந்த ஒரு டப்பாவக் குடுத்துருங்" என்று கடைசி நேரத்தில் ஒருவர் வந்து நிற்பார். மறுத்தால் மனஸ்தாபம் வருமே என்று வாங்கிக்கொள்ளத் தோன்றும். வாங்காதீர்கள்!

சிங்கப்பூரில் 15 கிராமுக்கு மேல் ஹெராயின் கடத்தினால் தூக்கு. 2022 ஏப்ரலில் மலேசியத் தமிழர் ஒருவர் அங்கே தூக்கிலிடப்பட்டார். வழக்கில் சிக்கிய ஹெராயின் 42.72 கிராம். ஒரு கைப்பிடி கூட இல்லை! பிறருடைய டப்பாவில் என்ன இருக்கிறது என்பது திறந்து பார்க்கும் வரை யாருக்கும் தெரியாது.

முதல் ராத்திரிதான் கஷ்டம்

போய் இறங்கியதும் முதல் இரண்டு மூன்று ராத்திரி மனசு ஒரு மாதிரியாகத்தான் இருக்கும். அறை புதுசு, சாப்பாடு புதுசு, பேச்சு புதுசு. "திரும்பிப் போயிரலாமா?" என்று கூடத் தோன்றும். அந்த ராத்திரியில் பெரிய முடிவு எதுவும் எடுக்க வேண்டாம். தூங்கி எழுந்து வேலைக்குப் போனால் பாதி சரியாகிவிடும்.

ஆனால் ஒன்று. வேலை சொன்னபடி இல்லை, பாஸ்போர்ட்டைப் பிடுங்கி வைத்துக்கொண்டார்கள், சம்பளம் தரவில்லை என்றால் அதைப் பொறுத்துக்கொள்ளக் கூடாது. இந்திய பாஸ்போர்ட் இந்திய அரசின் சொத்து. அதைப் பூட்டி வைக்க எந்த முதலாளிக்கும் உரிமை கிடையாது. உடனே இந்தியத் தூதரகத்துக்குத் தகவல் கொடுக்க வேண்டும். வெளியுறவுத் துறையின் 'மதத்' இணையதளத்திலும் புகார் செய்யலாம். இங்கே உள்ள வீட்டார் 1800 11 3090 என்ற இலவச எண்ணில் எந்த நேரமும் பேசலாம். அயலகத் தமிழர்களுக்காகத் தமிழக அரசு வைத்திருக்கும் எண் 1800 309 3793.

இந்த எண்கள் போகிறவரின் பெட்டியில் இருப்பதோடு, வீட்டுச் சுவர் காலண்டரிலும் இருக்க வேண்டும். பாஸ்போர்ட், விசா, ஒப்பந்தம் மூன்றின் ஜெராக்ஸும் வீட்டில் ஒரு செட் இருக்க வேண்டும். கம்பெனி பெயர், முகவரி தெரியாமல் "துபாய்ல இருக்கானுங்க" என்று மட்டும் சொன்னால் எந்த அதிகாரி தேடிக் கண்டுபிடிப்பது?

போன் பேசவும் ஒரு நேரம் வைத்துக்கொள்வது நல்லது. இங்கே ராத்திரி 9 மணி என்றால் துபாயில் ஏழரை, சிங்கப்பூரில் பதினொன்றரை. சொன்ன நேரத்துக்கு இரண்டு நாள் தொடர்ந்து போன் வராவிட்டால் சும்மா இருக்கக்கூடாது என்று வீட்டில் பேசி வைக்க வேண்டும்.

வீட்டுக்காரர்களே, கேளுங்கள்!

"பயப்படாத சாமி, தைரியமாப் போயிட்டு வா" என்று முதுகில் தட்டுவது சுலபம். அதற்குப் பதிலாக, "விசாவ எடு கண்ணு, ஒருக்காப் படிச்சுப் பாக்கலாம்" என்று பக்கத்தில் உட்கார்வதுதான் உதவி. அப்பாவுக்கு இங்கிலீஷ் வராவிட்டால் என்ன? தெருவில் வாத்தியார் இல்லையா, வக்கீல் இல்லையா, பாங்கிக்காரர் இல்லையா? அரை மணி நேரம் போதும்.

கொங்கு நாட்டில் யாரும் வாசல் தாண்டும்போது "போறேன்" என்று சொல்வதில்லை. "போயிட்டு வாரேனுங்க" என்பதுதான் வழக்கம். அந்த 'வாரேன்' சொல் பலிக்க வேண்டுமானால், புறப்படும் முன்பு காகிதங்களை ஒருவர் உட்கார்ந்து படித்திருக்க வேண்டும்.