மாஸ்டர்ஸ் ஸ்நூக்கர்: 19 லட்சம் ரிங்கிட் ஜெயித்தாலும் தரவரிசை ஏறாது, ஏன்?

2025 பொங்கல் வாரத்தில் லண்டன் அலெக்ஸாண்ட்ரா பேலஸில் நடந்த மாஸ்டர்ஸ் ஸ்நூக்கர் போட்டியை ஷோன் மர்பி வென்றார். இறுதி ஆட்டத்தில் உலக வெற்றியாளர் கைரன் வில்சனை 10-7 என்று தோற்கடித்தார். பரிசு 350,000 பவுண்டு. நம் கணக்கில் ஏறக்குறைய 19 லட்சம் ரிங்கிட்.

அதில் ஒரு காசு கூட அவருடைய உலகத் தரவரிசையில் சேரவில்லை. அதெப்படிங்க?

ஸ்நூக்கரில் தரவரிசை என்பது பணக் கணக்கு. கடந்த 2 ஆண்டுகளில் தரவரிசைப் போட்டிகளில் ஒருவர் வாங்கிய பரிசுத் தொகையைக் கூட்டினால், அதுதான் அவர் இடம். 1975-இல் தொடங்கிய மாஸ்டர்ஸ் அந்த வகை இல்லை. இது அழைப்புப் போட்டி; இப்போது முதல் 16 பேருக்குத்தான் கதவு திறக்கும். மற்றவர்கள் ஆடவே முடியாத போட்டியின் பணத்தையும் சேர்த்தால், மேலே இருப்பவர் மேலேயே உட்கார்ந்துவிடுவார்.

பாவம், 17-ஆம் இடத்தில் இருப்பவர்தான். யாராவது விலகினால்தான் அவருக்கு அழைப்பு. 2025-இல் நடப்பு வெற்றியாளர் ரோனி ஓசுலிவன் உடல்நலக் காரணத்தால் விலக, நீல் ராபர்ட்சன் உள்ளே வந்தார்.

அந்தப் போட்டியில் பேசப்பட்டது இன்னொன்று. அரையிறுதியில் மார்க் ஆலனுக்கு எதிராக மர்பி 147 அடித்தார். 15 சிவப்புப் பந்து, ஒவ்வொன்றுக்கும் பிறகு கறுப்பு, கடைசியில் ஆறு வண்ணப் பந்துகள், எல்லாம் ஒரே மூச்சில். நடுவில் ஒரு தடவை கறுப்புக்குப் பதில் நீலம் போட்டாலும் போச்சு! மாஸ்டர்ஸ் வரலாற்றில் இது ஆறாவது 147 மட்டுமே.

சிரம்பான், ரஹாங் பக்கம் ஸ்நூக்கர் செண்டர் என்றாலே "அங்கெல்லாம் போகாதே" என்று சொல்லும் வீடுகள் இன்னும் உண்டு. ஆனால் இது தொழிலாகவும் ஆடப்படும் விளையாட்டு. மலேசியாவின் தோர் சுவான் லியோங் தொழில்முறை சுற்றில் ஆடியவர். வழி லேசானது இல்லை. கியூ ஸ்கூல் எனும் தகுதிச் சுற்றில் தேற வேண்டும். ஆசியா-ஓசியானியா பிரிவு பேங்காக்கில் நடந்திருக்கிறது. தேறினால் 2 ஆண்டுக்கு டூர் கார்டு. மாதச் சம்பளம் கிடையாது, விமான டிக்கெட் சொந்தச் செலவு. 2 ஆண்டு முடிவில் முதல் 64-க்குள் இல்லையென்றால் கார்டு பறிபோகலாம்.

"வெள்ளைக்காரன் ஆட்டம்" என்று தாத்தா சொன்னால் ஒரு விஷயம் சொல்லுங்கள். 1875-இல் ஜபல்பூரில் பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி நெவில் சேம்பர்லேன் (பிரதமர் அல்ல, வேறொருவர்) தொடங்கியதாகக் கருதப்படும் இந்த ஆட்டத்தின் விதிகள் எழுதி மாட்டப்பட்டது ஊட்டி கிளப்பில்தான் என்கிறார்கள்.

மாஸ்டர்ஸ் ஜனவரியில் நடக்கும். லண்டன் மதியம் 1 மணி நமக்கு இரவு 9, அங்கே இரவு 7 என்றால் இங்கே விடியற்காலை 3. இறுதி ஆட்டத்தின் கடைசிப் பகுதி திங்கட்கிழமை விடியலில்தான் வரும். ஸ்கூல் இருப்பவர்கள் ஹைலைட்ஸ் பார்த்துக்கொள்ளலாம்.