மருந்தடிக்கும் முன் மாதிரி எடுங்கள்

தக்காளியும் கத்தரியும் போட்ட வயல்களில் ஒரே கதையைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். காய் பிடிக்கும் நேரத்தில் நாலு செடி தலையைத் தொங்கப் போடுகிறது. மறுநாள் பத்து. விவசாயி ஒரு கொத்து இலையைப் பறித்து மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு நேராக மருந்துக்கடைக்குப் போகிறார். கடைக்காரர் இலையைத் திருப்பிப் பார்த்துவிட்டு ஒரு பூஞ்சாணக்கொல்லி, ஒரு பூச்சிக்கொல்லி, கூடவே ஒரு டானிக் எடுத்து வைக்கிறார். மூன்றையும் ஒரே டேங்கில் கலந்து அடிக்கச் சொல்கிறார். பில் கிடையாது. அடுத்த வாரம் வேறு கடை, வேறு மருந்து. பாதி வயல் போன பிறகு, யாரோ சொல்லக் கேட்டு, ஆய்வகத்துக்கு ஒரு செடி வந்து சேர்கிறது. காய்ந்த சருகு, மேலெல்லாம் மருந்து வாடை. அதை வைத்துக்கொண்டு எந்த நோயியல் வல்லுநராலும் எதுவும் சொல்ல முடியாது. செத்த செடியில் நோயைக் கொடுத்த கிருமியைவிட, செத்த பிறகு வந்து குடியேறிய மட்குண்ணிப் பூஞ்சைகள்தான் அதிகம் இருக்கும்.

வாடல் என்பது ஒரு நோயின் பெயரே இல்லை. பாக்டீரியாவாலும் வாடும், மண்ணிலிருக்கும் ஃபுசேரியம் பூஞ்சையாலும் வாடும், வேரில் முடிச்சு போடும் நூற்புழுவாலும் வாடும், வடிகால் இல்லாமல் தண்ணீர் தேங்கினாலும் வாடும். இலையை மட்டும் பறித்துக்கொண்டு போனால் இவற்றில் எது என்று யாருக்கும் தெரியாது. ஒன்றை மட்டும் வீட்டிலேயே பார்த்துவிடலாம். அன்று காலை வாடத் தொடங்கிய செடியை வேரோடு பிடுங்குங்கள். மண்ணுக்குச் சற்று மேலே தண்டை இரண்டு மூன்று அங்குலத் துண்டாகச் சுத்தமான கத்தியால் வெட்டுங்கள். கண்ணாடி டம்ளரில் தெளிந்த தண்ணீர் ஊற்றி, வெட்டுவாய் தண்ணீரில் பட்டும் படாமலும் இருக்குமாறு துண்டைத் தொங்கவிட்டு, ஆட்டாமல் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். சில நிமிடங்களில் வெட்டுவாயிலிருந்து வெள்ளை நூல் நூலாகக் கசிந்து கீழே இறங்கினால் அது பாக்டீரியா வாடல். அதற்கு நீங்கள் எத்தனை பூஞ்சாணக்கொல்லி அடித்தாலும் பணம்தான் போகும். செடியைப் பிடுங்கி அப்புறப்படுத்த வேண்டும். அடுத்த போகத்துக்குத் தக்காளி, கத்தரி, மிளகாய் இனத்தை விட்டு வேறு பயிருக்கு மாற வேண்டும். கத்தரிதான் வேண்டுமென்றால் சுண்டைக்காய் வேர்ச்செடியில் ஒட்டுக் கட்டிய நாற்று வாங்க வேண்டும். நூல் இறங்கவில்லையென்றால், உள்ளே பழுப்பு ஓடியிருக்கிறதா, வேரில் முடிச்சு இருக்கிறதா என்று பார்த்துக் குறித்துக்கொண்டு ஆய்வகத்துக்குக் கிளம்புங்கள்.

தென்னையிலும் இதே குழப்பம். பொள்ளாச்சிப் பக்கம் எந்த மரம் நலிந்தாலும் வேர் வழியே ஒரு மருந்து கட்டிவிடுகிறார்கள். அடித்தண்டில் செம்பழுப்பு நீர் வடிந்து, அடிமட்டைகள் தொங்கினால் அது தஞ்சாவூர் வாடல், கேனோடெர்மா பூஞ்சை. ஆரம்பத்தில் பிடித்தால் வேப்பம் புண்ணாக்கு, டிரைக்கோடெர்மா, போர்டோ கலவை, மரத்தைச் சுற்றி அகழி என்று நிறுத்திப் பார்க்கலாம். மட்டையின் இலைகள் உரம் இழந்து விலா எலும்பு போல உள்ளே வளைந்தால் அது கேரள வாடல். ஃபைட்டோபிளாஸ்மா என்ற நுண்ணுயிரி, கண்ணாடி இறக்கைப் பூச்சியும் தத்துப்பூச்சியும் பரப்புவது. இதைக் குணப்படுத்த மருந்தே கிடையாது. நோய் முற்றிய மரத்தை எடுத்துவிட்டு மற்றவற்றுக்கு ஊட்டம் கொடுப்பதுதான் வழி. மட்டையெல்லாம் கரி பூசியது போல் கறுத்திருந்தால் அது 2016இல் இங்கே தென்பட்ட ரூகோஸ் சுருள் வெள்ளை ஈயின் வேலை. அதை அடக்கும் என்கார்சியா ஒட்டுண்ணிக் குளவி தோப்பிலேயே இருக்கிறது. வீரியமான பூச்சிக்கொல்லி அடித்தால் முதலில் சாவது அந்தக் குளவிதான். மூன்று நோவுக்கும் ஒரே மருந்து கட்டியவர்கள் மூன்றையும் வளர்த்துவிட்டார்கள்.

இன்னதென்று பெயர் தெரிந்தால் என்ன ஆகும் என்பதற்குக் கண்ணெதிரே சாட்சி இருக்கிறது. 2008இல் கோவையில் பப்பாளி மாவுப்பூச்சி தென்பட்டது. மல்பெரி, மரவள்ளி என்று பரவி, அடித்த மருந்துக்கெல்லாம் தப்பியது. இன்ன இனம் என்று உறுதியான பிறகு, அதற்கே உரிய ஒட்டுண்ணிக் குளவிகளை 2010இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து வரவழைத்து விட்டார்கள், அடங்கியது. 2020இல் மரவள்ளி மாவுப்பூச்சி கேரளத்தில் தெரிந்து சேலம், நாமக்கல்லுக்குள் வந்தபோதும் அப்படியே. ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டிலிருந்து வந்த அனாகைரஸ் லோபெசி குளவியை 2022 மார்ச்சில் ஏத்தாப்பூரில் விட்டார்கள். பார்வைக்கு எல்லா மாவுப்பூச்சியும் ஒன்றுதான். நுண்ணோக்கியில் வைத்துப் பிரித்துச் சொல்ல ஒருவர் வேண்டும். அவர் கைக்கு மாதிரி போய்ச் சேர வேண்டும்.

எனவே மாதிரி எடுக்கும் முறையை விரிவாகவே சொல்கிறேன். மருந்து அடிப்பதற்கு முன் எடுங்கள். அடித்துவிட்டீர்கள் என்றால் என்ன மருந்து, எந்தத் தேதி என்று மறைக்காமல் எழுதுங்கள். ஒரு செடி போதாது: இப்போதுதான் அறிகுறி தெரியும் செடி இரண்டு மூன்று, நடுத்தரமாகத் தாக்கப்பட்டவை இரண்டு மூன்று, பக்கத்திலேயே நல்ல செடி ஒன்று. முழுக்கக் காய்ந்ததை எடுக்காதீர்கள். பிடித்து இழுத்தால் நோயுற்ற வேர் மண்ணுக்குள் அறுந்து நின்றுவிடும். மண்வெட்டியால் சுற்றித் தோண்டி, மண்ணோடு தூக்குங்கள். இலையையும் தண்டையும் பழைய செய்தித்தாளில் சுற்றுங்கள். பிளாஸ்டிக் பையில் அடைத்தால் வியர்த்து ஒரே நாளில் அழுகிவிடும். தண்ணீர் தெளிக்கவே வேண்டாம். வேர்ப்பகுதியை மட்டும் தனியே பையில் கட்டி, மண் இலைமேல் சிந்தாமல் பாருங்கள்.

நூற்புழு சந்தேகம் இருந்தால் வேர்மண்டலத்திலிருந்து, ஒரு சாண் முதல் ஒன்றரைச் சாண் ஆழத்தில், ஐந்தாறு இடத்து மண்ணைச் சிறு வேர்களோடு சேர்த்து எடுங்கள். இங்கேதான் படித்தவர்கள்கூடத் தவறுகிறார்கள். மண் பரிசோதனைக்கு மண்ணை நிழலில் உலர்த்தி, சலித்துக் கொடுத்துப் பழகிய கை, இதையும் உலர்த்திவிடுகிறது. உலர்ந்த மண்ணில் புழு செத்துப்போகும். அறிக்கையில் 'இல்லை' என்று வரும். நூற்புழு மண்ணை உலர்த்தாதீர்கள், வெயிலில் நிறுத்திய வண்டியில் விட்டுவைக்காதீர்கள்.

பொட்டலத்தில் சீட்டு வையுங்கள். பென்சிலால் எழுதுங்கள், பேனா மை ஈரத்தில் கரைந்துவிடும். பயிர், ரகம், நட்ட தேதி, முந்தைய பயிர், முதலில் பார்த்த தேதி, நாற்று எங்கே வாங்கியது, வயலில் திட்டுத்திட்டாக இருக்கிறதா, வாய்க்கால் ஓரமாகப் போகிறதா, அங்கொன்றும் இங்கொன்றுமா என்பதெல்லாம் அதில் இருக்கட்டும். வயல் முழுக்க ஒரு படம், செடி ஒரு படம், கிட்டத்தில் ஒரு படம் என்று கைபேசியில் எடுத்து வையுங்கள். வெள்ளிக்கிழமை கூரியரில் அனுப்பாதீர்கள். சனி, ஞாயிறு பொட்டலம் மூட்டையில் கிடந்து அழுகும். திங்கள் முதல் புதன் வரை, முடிந்தால் நேரிலேயே போங்கள்.

எங்கே போவது? முதலில் உங்கள் வட்டார வேளாண்மை விரிவாக்க மையம். காய்கறி, பழம், பூ என்றால் தோட்டக்கலை உதவி இயக்குநர் அலுவலகம். இந்தப் பிரிவு தெரியாமல் ஓர் அலுவலகத்திலிருந்து இன்னொன்றுக்கு அலைந்து நாளைத் தொலைப்பவர்கள் ஏராளம். அடுத்தது உங்கள் மாவட்ட வேளாண் அறிவியல் நிலையம். அங்கே பயிர் பாதுகாப்புக்கென ஒரு வல்லுநர் பணியிடம் உண்டு. அங்கும் தீராவிட்டால் கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பயிர் நோயியல், பூச்சியியல், நூற்புழுவியல் துறைகள், அல்லது மதுரை, கிள்ளிகுளம், பெரியகுளம் என அதன் கல்லூரிகளில் உங்களுக்குப் பக்கத்தில் இருப்பது. வாழைக்குத் திருச்சி தாயனூரில் தேசிய வாழை ஆராய்ச்சி மையம் இருக்கிறது. தென்னைக்கு ஆழியார் நகரும் வேப்பங்குளமும். திருச்சியிலேயே மத்திய அரசின் ஒருங்கிணைந்த பூச்சி மேலாண்மை மையமும் உள்ளது. கிளம்பும் முன் போன் செய்து, யாரைப் பார்ப்பது, கட்டணம் எவ்வளவு, என்றைக்கு வாங்கிக்கொள்வார்கள் என்று கேட்டுவிடுங்கள். எதுவுமே தெரியாதவர்கள் 1800 180 1551 என்ற கிசான் அழைப்பு மையத்தை அழைக்கலாம், தமிழிலேயே பேசுவார்கள்.

அலுவலர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். "வாட்ஸ்அப்பில் போட்டோ அனுப்புங்க" என்று சொல்லி முடித்துக்கொள்ளாதீர்கள். இலைப்புள்ளியையும் புழுவையும் படத்தில் பார்க்கலாம். தண்டுக்குள் ஓடும் பழுப்பையும் வேர் முடிச்சையும் பார்க்க முடியாது. 2024 ஆகஸ்டில் வந்த தேசியப் பூச்சிக் கண்காணிப்புச் செயலிக்கும் இதே வரம்புதான். வயலுக்கு வர நேரமில்லை என்றால் மாதிரியையாவது வாங்குங்கள், வாங்கியதற்கு ஒப்புகை கொடுங்கள், பரிந்துரையை எழுதிக் கொடுங்கள். பணியிடம் காலியாக இருப்பது விவசாயியின் குற்றம் இல்லை. விவசாயிகளே, வாய்மொழிப் பரிந்துரையோடு திரும்பாதீர்கள். நோயின் பெயர், மருந்தின் பெயர், அளவு, தேதி, கையொப்பம் ஆகியவை கொண்ட தாள் கையில் இல்லாமல் கடைக்குப் போனால் மறுபடியும் அந்த டானிக்தான்.

பயிற்சி விஷயத்தில் எனக்கு ஆற்றாமை அதிகம். நோயை முதலில் பார்ப்பவர்கள் களை எடுக்கும் பெண்களும், தண்ணீர் பாய்ச்சுபவர்களும், தேங்காய் பறிப்பவர்களும். பயிற்சி வகுப்பில் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர்களோ பெரும்பாலும் பட்டாதாரர்கள். அட்மா திட்டத்தில் பயிற்சி நடக்கிறது, வயல்வெளிப் பள்ளி நடக்கிறது. அடுத்த முறை அழைப்பு வந்தால் உங்கள் தோட்டத்தில் வேலை செய்யும் இரண்டு பெண்களையும் கூட்டிப் போங்கள், அந்த நாள் கூலியைக் கொடுத்து. வாரம் ஒருமுறை வயலைக் குறுக்கும் நெடுக்குமாக நடந்து, ஐந்து இடத்தில் நின்று, இத்தனை செடியில் இத்தனை பாதிப்பு என்று நோட்டில் எழுத அவர்களுக்குப் பழக்கினால் அதுவே பெரிய காவல். கடைக்காரர்களுக்கும் ஹைதராபாத்திலுள்ள 'மேனேஜ்' நிறுவனத்தின் ஓராண்டு டிப்ளமோ இருக்கிறது. உங்கள் கடைக்காரர் அதைப் படித்தவரா என்று கேளுங்கள். கேட்பதில் தவறே இல்லை.

புதிதாக ஒன்று, இதுவரை ஊரில் யாரும் பார்க்காதது, தென்பட்டால் செடியைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறாதீர்கள். வாழை வாடலில் இது மிக முக்கியம். வெப்பமண்டல இனம்-4 என்ற பனாமா வாடல் பீகாரையும் உத்தரப் பிரதேசத்தையும் தாக்கியிருக்கிறது. மண்வெட்டியில் ஒட்டிய மண்ணே அதற்கு வாகனம். அலுவலரை வயலுக்கு வரவழையுங்கள். கன்று கொடுக்காதீர்கள், வாங்காதீர்கள். பக்கத்துத் தோப்புக்காரர் நோயுற்ற மரங்களைக் கவனிக்காமல் போட்டிருக்கிறார் என்றால், சண்டை போடுவதில் பயனில்லை. 1919ஆம் ஆண்டின் பயிர்ப் பூச்சி, நோய்ச் சட்டம் இன்றும் இருக்கிறது. ஒரு நோயையும் ஒரு பகுதியையும் அரசு அறிவிக்கை செய்தால், நில உரிமையாளரை அப்புறப்படுத்தச் சொல்லி உத்தரவிட அதில் அதிகாரம் உண்டு. மாவட்ட ஆட்சியரின் மாதாந்திர விவசாயிகள் குறைதீர்க்கும் கூட்டத்தில் பத்துப் பேர் கையெழுத்தோடு, புல எண்ணும் ஆய்வறிக்கை நகலும் வைத்து மனு கொடுங்கள். வேளாண்மை இணை இயக்குநருக்கு ஒரு நகல். உங்கள் நகலில் முத்திரையும் தேதியும் வாங்காமல் வெளியே வராதீர்கள்.

காப்பீடு பற்றி ஒரு தவறான நம்பிக்கை பரவியிருக்கிறது. பிரதமரின் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் 72 மணி நேரத்துக்குள் தனிநபர் புகார் என்பது ஆலங்கட்டி மழை, வெள்ளம் சூழ்வது போன்ற உள்ளூர்ப் பேரிடர்களுக்கு. நோயால் வரும் இழப்பு, அறிவிக்கப்பட்ட பகுதியின் பயிர் அறுவடைப் பரிசோதனையில் மகசூல் குறைந்தால்தான் கணக்கில் வரும். என் வயல் மட்டும் போனது என்று சொல்லிப் பணம் வாங்க முடியாது. ஆகவே ஊர் முழுக்கப் பாதிப்பு என்றால் அலுவலரிடம் கூட்டாகப் பதிவு செய்வதும், பரிசோதனை நடக்கும் நாளில் வயலில் நிற்பதும் உங்கள் கையில் இருக்கிறது.

விதை, நாற்று, மருந்து தரமற்றது என்றால் நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. விவசாயியும் நுகர்வோரே என்று 2012இல் உச்ச நீதிமன்றம் விதை வழக்கில் தெளிவாகச் சொல்லிவிட்டது. வாங்கிய விதை முழுவதையும் விதைத்துவிட்ட விவசாயியிடம் சோதனைக்கு மாதிரி கேட்க முடியாது என்பதையும் ஏற்றது. சம்பவம் நடந்து இரண்டு ஆண்டுக்குள் உங்கள் மாவட்ட ஆணையத்திலேயே மனு போடலாம். வாங்கிய மதிப்பு 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை. ஆனால் பில் வேண்டும். பூச்சிக்கொல்லி விற்பவர் பில் கொடுத்தே ஆக வேண்டும் என்பது விதி. "பில் போட்டா வரி சேரும்" என்று சொன்னால் சேரட்டும் என்று சொல்லுங்கள். பில்லில் மருந்தின் பெயரோடு தொகுதி எண்ணும் காலாவதித் தேதியும் இருக்கிறதா பாருங்கள். பாட்டிலோடு வரும் துண்டுத்தாளில் உங்கள் பயிரின் பெயர் இல்லையென்றால் அந்த மருந்தைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். விளைச்சல் சந்தேகமாக இருக்கும் வயலில் அடித்த மருந்தின் பாட்டிலையும், விதைப் பையின் லேபிளையும், பில்லையும், ஆய்வறிக்கையையும் பத்திரப்படுத்துங்கள். பாட்டில் மட்டும் வீட்டுக்கு வெளியே, பூட்டிய இடத்தில், பிள்ளைகள் கை எட்டாமல் இருக்க வேண்டும்.