சிக்னல் இல்லாமலேயே வர்ற ஓடிபி: உங்க லினக்ஸ் சர்வருக்கு ஒண்ணு

திருப்பூர் பனியன் கம்பெனிகள்ல இந்தக் காட்சியைப் பார்த்திருப்பீங்க. டெல்லிக்குப் போற பண்டல் எல்லாம் லாரியில ஏறியாச்சு. இ-வே பில் போட ஓடிபி வேணும். அது முதலாளி போனுக்குப் போயிருக்கு, அவர் போனை எடுக்கல. 2025 ஏப்ரல் 1-ல இருந்து அந்தத் தளத்துல எல்லாருக்குமே ரெண்டாவது சரிபார்ப்பு கட்டாயம். அதுக்கு எஸ்எம்எஸ் மட்டும்தான் வழின்னு இல்ல. என்ஐசி-ஜிஎஸ்டி-ஷீல்டுனு ஒரு ஆப் இருக்கு. டவர் இல்லாத குடோன்லயும் அது 30 செகண்டுக்கு ஒரு நம்பர் காட்டும்.

யாரும் அனுப்பாம நம்பர் எப்படி வருது? இந்த மாதிரி ஆப்களுக்கான பொதுவான முறை 2011-ல வந்த ஆர்எஃப்சி 6238. போன்லயும் சர்வர்லயும் ஒரே ரகசியச் சாவி இருக்கும். ரெண்டும் தன் கடிகாரத்தைப் பார்த்து, இது எத்தனையாவது 30 செகண்டுனு எண்ணி, அதைச் சாவியோட சேர்த்து ஹேஷ் பண்ணி, ஆறு இலக்கம் எடுக்கும். ரெண்டும் ஒத்துப்போனா கதவு திறக்கும்.

இதையே உங்க கம்பெனி ஈஆர்பி ஓடுற உபுண்டு சர்வர்ல போடலாம். பாஸ்வேர்டு மானிட்டர்ல ஒட்டியிருக்கிற ஆபீஸ்ல இது ரொம்பவே அவசியம். லிப்பேம்-கூகுள்-ஆத்தென்டிகேட்டர்ங்கிற பேக்கேஜை ஆப்ட்ல இன்ஸ்டால் பண்ணுங்க. அப்புறம் ரூட்ல இல்லாம, லாகின் பண்ற யூசராவே கூகுள்-ஆத்தென்டிகேட்டர் கமாண்டை ஓட்டுங்க. கியூஆர் வரும், போன்ல ஸ்கேன் பண்ணுங்க. பேம் ஃபோல்டர்ல இருக்கிற எஸ்எஸ்எச்டி ஃபைல்ல அந்த மாட்யூலுக்கு ஒரு வரி சேர்க்கணும். எஸ்எஸ்எச் கான்ஃபிக்ல கீபோர்டு-இன்டராக்டிவ் ஆத்தென்டிகேஷனை 'எஸ்'னு மாத்தணும்.

பல பேர் ஏமாறுற இடம் இனிமேதான். நீங்க எஸ்எஸ்எச் கீ வெச்சு லாகின் பண்றவங்களா இருந்தா, இவ்வளவும் செஞ்ச பிறகும் சர்வர் ஓடிபி கேட்காமலே உள்ள விட்டுடும். கீ சரியா இருந்தா அதுவே போதும்னு அது நினைச்சுக்கும். ஆத்தென்டிகேஷன்-மெத்தட்ஸ் வரியில பப்ளிக்-கீ, கமா, கீபோர்டு-இன்டராக்டிவ்னு எழுதினாத்தான் ரெண்டையும் கேட்கும்.

எஸ்எஸ்எச் சர்வீஸை ரீஸ்டார்ட் பண்றப்போ பழைய விண்டோவை மூடவே மூடாதீங்க. இன்னொரு விண்டோவுல லாகின் ஆகுதான்னு பாருங்க. நான் ஒரு தடவை மூடிட்டேன். கட்டிங் செக்‌ஷனுக்குப் பின்னாடி இருந்த ரூமுக்கு மானிட்டரைத் தூக்கிட்டு ஓடினேன். ஒரு எழுத்துப்பிழைதான், ஆனா அரை நாள் போச்சு.

கடிகாரமும் முக்கியம். சாதாரண செட்டிங்ல முன்ன ஒண்ணு, பின்ன ஒண்ணுதான் கூடுதலா ஏத்துக்கும். கரன்ட் போய்ப் போய் வர்ற பழைய பெட்டியில நேரம் ரெண்டு நிமிஷம் தள்ளிப்போச்சுன்னா, எந்த நம்பரும் செல்லாது. குரோனி ஓடுதான்னு முதல்லயே பாருங்க.

கியூஆரோட அஞ்சு அவசர கோடு வரும், ஒவ்வொண்ணும் ஒரு தடவைதான் செல்லும். போன் தொலைஞ்சா உள்ள போக அதுதான் வழி. அதை வாட்ஸ்அப்ல அனுப்பாம, பேப்பர்ல எழுதி முதலாளி ரூம் பீரோவுல செக் புக் பக்கத்துல வெச்சிடுங்க.