கத்தரி யார் கையில்? பால் ராப்சன் என்கிற திரைநடிகர்

பால் ராப்சன் என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது ஒரு குரல். எங்கள் வாசகர் வட்டம் கூடும் அறையின் சுவரில் நெடுநாளாக அவர் படம் ஒட்டியிருந்தது. ஒரு கையைக் காதோரம் குவித்துப் பாடுகிற படம். அவரைப் பாடகர் என்று அறிவோம், போராளி என்று அறிவோம், அமெரிக்க அரசு பாஸ்போர்ட்டைப் பறித்த கறுப்பின மனிதர் என்று அறிவோம். 1925லிருந்து 1942 வரை பத்துக்கும் மேற்பட்ட கதைப்படங்களில் நடித்தவர் அவர் என்பதை மட்டும் எவரும் பேசிக் கேட்டதில்லை. அதற்குக் காரணம் இருக்கிறது என்பது 'சாண்டர்ஸ் ஆஃப் தி ரிவர்' படத்தின் கேசட் ஒன்று கைக்குக் கிடைத்து நண்பர்களோடு உட்கார்ந்து பார்த்த அன்றுதான் எனக்கு உறைத்தது. பாதிப் படத்திலேயே ஒருவர் எழுந்து போய் பீடி பற்றவைத்துக்கொண்டார். 'நம்ம ஆளா இது?' என்றார் திரும்பி வந்து. யாரும் பதில் சொல்லவில்லை.

அந்தக் கேள்விக்கு அன்று சொல்லாத பதிலைத்தான் இங்கே எழுதிப் பார்க்கிறேன்.

முதலில் ஆளைப் பற்றிக் கொஞ்சம். 1898 ஏப்ரல் 9இல் நியூஜெர்சியின் பிரின்ஸ்டனில் பிறந்தார். தந்தை வில்லியம் ட்ரூ ராப்சன் அடிமையாகப் பிறந்து, தப்பியோடி, படித்து, தேவாலயப் போதகரானவர். தாய், மகனுக்கு ஆறு வயது நிறைவதற்கு முன்பே தீ விபத்தில் இறந்தார். மகன் உதவித்தொகையில் ரட்கர்ஸ் கல்லூரியில் சேர்ந்து அமெரிக்கக் கால்பந்தில் நாடறிந்த ஆட்டக்காரரானார். பிறகு கொலம்பியாவில் சட்டம். 1923இல் பட்டம் வாங்கி ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் வேலைக்குப் போனார். அங்கே சுருக்கெழுத்து வேலை பார்த்த வெள்ளைக்காரப் பெண், கறுப்பர் சொல்லி நான் எழுதுவதா என்று மறுத்துவிட, சட்டத்தை அத்தோடு விட்டுவிட்டார். 1924இல் யூஜின் ஓ'நீலின் நாடகங்கள். அதில் பெயர் வந்தது. அடுத்த ஆண்டு சினிமா.

மேடைக்கும் சினிமாவுக்கும் உள்ள வேறுபாட்டை நாம் அழகியல் வேறுபாடாக மட்டுமே பேசிவருகிறோம். அது உற்பத்தி உறவு சார்ந்ததும்கூட. மேடையில் நிற்கும் நடிகர் தன் உடலையும் குரலையும் அந்தக் கணத்தில் தானே ஆள்கிறார். சினிமாவில் அவர் துண்டு துண்டாகச் சில அசைவுகளைக் கொடுத்துவிட்டுக் கூலி வாங்கிக்கொண்டு போகிறார். அந்தத் துண்டுகளை எதோடு எதை ஒட்டினால் என்ன அர்த்தம் வரும் என்பதை வேறொருவர் தீர்மானிக்கிறார். தொழிலாளி உற்பத்தி செய்த பொருள் அவனுக்கே அந்நியமாகி அவனுக்கெதிராக நிற்கும் என்று மார்க்ஸ் சொன்னதற்கு, நடிகரைவிடத் துல்லியமான உதாரணம் கிடைக்காது. நெசவாளி நெய்த துணியில் அவன் முகம் தெரிவதில்லை. நடிகர் விஷயத்தில் அவருடைய முகமே அவருக்கெதிராக நிற்கிறது.

ராப்சனின் முதல் படம் 'பாடி அண்ட் சோல்' (1925), மௌனப்படம். எடுத்தவர் கறுப்பின இயக்குநர் ஆஸ்கர் மிஷோ. ராப்சனுக்கு இரட்டை வேடம்: ஊரை ஏய்க்கும் போலிப் போதகர் ஒருவர், நல்லவர் இன்னொருவர். போதகரின் மகனுக்குப் போலிப் போதகர் வேடம் என்பதே சுவாரசியம்தான். நியூயார்க் தணிக்கையாளர்கள் அனுமதி மறுத்தார்கள். மிஷோ வெட்டி, மாற்றி, நடந்ததெல்லாம் கனவு என்று முடிக்க வேண்டிவந்தது. ஆக, முதல் படத்திலேயே கத்தரி வந்துவிட்டது.

'தி எம்பரர் ஜோன்ஸ்' (1933) இன்னும் வெளிப்படையான கதை. ரயில்வே போர்ட்டராக இருந்து, கைதியாகி, தப்பி, கரீபியத் தீவொன்றில் அரசனாகிற கறுப்பின மனிதனின் கதை. வெள்ளைச் சிறைக்காவலரை ஜோன்ஸ் கொல்லும் காட்சி வெட்டப்பட்டது. இன்று பார்த்தாலும் அந்த இடத்தில் படம் திடீரென்று தாவும். அதைவிட வேடிக்கை, ஃபிரெடி வாஷிங்டன் என்ற நடிகையின் கதை. அவர் கறுப்பினப் பெண்தான், ஆனால் நல்ல வெளிர்நிறம். ராப்சன் ஒரு வெள்ளைக்காரியை அணைப்பதுபோலத் தெரிந்துவிடும் என்று பயந்து, அவருக்குக் கறுப்பு மை பூசி மறுபடியும் படம்பிடித்தார்கள்! நிறம் என்பது தோலில் இருக்கிறதா, பார்க்கிற கண்ணின் அதிகாரத்தில் இருக்கிறதா என்று பெரிய பெரிய புத்தகங்கள் எழுதப்பட்டிருக்கின்றன. அந்த மேக்கப் டப்பா இந்தக் கேள்விக்கு 1933இலேயே பதில் சொல்லிவிட்டது.

இனி 'சாண்டர்ஸ்'. அப்போது ராப்சன் லண்டனில் குடியிருந்தார். 1934இல் அங்கிருந்த கீழைத்தேயவியல் கல்லூரியில் ஆப்பிரிக்க மொழிகள் படிக்கச் சேர்ந்தார். அமெரிக்கக் கறுப்பருக்கு அடிமைத்தனம் பறித்துக்கொண்டது தன்மானத்தை மட்டுமல்ல, ஒரு நாகரிகத்தின் நினைவையும்தான் என்ற முடிவுக்கு அவர் வந்திருந்த காலம். அலெக்சாண்டர் கோர்டாவின் நிறுவனம் ஆப்பிரிக்காவில் மாதக்கணக்கில் தங்கிப் படம்பிடித்து வந்த நடனங்களையும் பாட்டுகளையும் அவரிடம் காட்டியபோது அவர் சொக்கிப்போனதில் வியப்பில்லை. ஆப்பிரிக்கப் பண்பாட்டின் பெருமையை உலகம் முதன்முதலாகத் திரையில் பார்க்கப்போகிறது என்று நம்பினார். பொசாம்போ என்கிற தலைவன் வேடம். மிச்சத்தை லண்டன் பக்கம் ஸ்டூடியோவில் போட்ட ஆப்பிரிக்கக் கிராமத்தில் எடுத்தார்கள். அதில் சிறு வேடத்தில் வந்துபோகிறவர்களில் ஒருவர் ஜோமோ கென்யாட்டா, பிற்காலத்தில் சுதந்திரக் கென்யாவின் முதல் குடியரசுத் தலைவர்.

1935இல் படம் வெளிவந்தது. கோடிக்கணக்கான பூர்வகுடிகளைக் கட்டிக்காக்கும் விரல்விட்டு எண்ணத்தக்க ஆங்கிலேயர்களுக்குப் புகழாரத்தோடு தொடங்குகிறது. சாண்டர்ஸ் என்ற வெள்ளை அதிகாரி இருக்கும்வரை நதிக்கரையில் அமைதி நிலவுகிறது, அவர் விடுப்பில் போனதும் ரத்தக்களரி, திரும்பி வந்ததும் மீண்டும் அமைதி. பொசாம்போ அவருடைய விசுவாசமான பிள்ளை. ராப்சன் நடித்த காட்சிகளை மட்டும் பிரித்தெடுத்துப் பார்த்தால் கம்பீரம் குறையவில்லை. அந்தக் கம்பீரத்தை எங்கே கொண்டுபோய் ஒட்டினார்கள் என்பதில்தான் வினை. ஏகாதிபத்தியச் சங்கதியெல்லாம் படப்பிடிப்பின் கடைசி நாட்களில் சேர்க்கப்பட்டது என்று ராப்சன் பின்னால் சொன்னார்.

இதை அப்படியே ஏற்க எனக்குத் தயக்கம். மூலக்கதை எட்கர் வாலஸ் எழுதியது. வாலஸ் எந்தப் பக்கம் என்பது அன்றைக்கு லண்டனில் பேப்பர் படிக்கிற எவருக்கும் தெரியும். கடைசி ஐந்து நாளில் நுழைந்துவிடக்கூடிய அளவுக்கு ஏகாதிபத்தியம் அவ்வளவு சின்னச் சாமானா என்ன? ஆப்பிரிக்காவைத் திரையில் காண வேண்டும் என்ற அவருடைய ஆசையே அவரை ஏமாற வைத்தது என்றுதான் நான் வாசிக்கிறேன். நம் மரபைப் போற்றுகிறோம் என்று எவர் வந்து சொன்னாலும், போற்றுகிறவர் கையில் என்ன இருக்கிறது என்று பார்க்காமல் நெகிழ்ந்துபோகிற வியாதி அவருக்கு மட்டும் உரியதல்ல.

எடுக்கப்படாமல் போன ஒரு படமும் உண்டு. 'சாண்டர்ஸ்' வெளியாவதற்கு முன்பே, 1934 டிசம்பரில், செர்கேய் ஐசன்ஸ்டைன் அழைப்பில் ராப்சன் மாஸ்கோ போனார். ஹெய்த்தியில் அடிமைகள் நடத்தி வென்ற புரட்சியைப் பற்றி ஐசன்ஸ்டைன் எடுக்க நினைத்த படத்துக்காக. வழியில் பெர்லின் ரயில் நிலையத்தில் நாஜிப் படையினர் அவரைச் சூழ்ந்து மிரட்டினார்கள். மாஸ்கோவிலோ தெருவில் குழந்தைகள் ஓடிவந்து ஒட்டிக்கொண்டார்கள். வாழ்க்கையில் முதன்முறையாக முழு மனிதனாக உணர்ந்தேன் என்ற பொருளில் அவர் பலமுறை அந்தப் பயணத்தைப் பற்றிச் சொல்லியிருக்கிறார். பின்னால் நடந்ததைப் புரிந்துகொள்ள இந்த இரண்டு ஊர்களையும் சேர்த்தே நினைவில் வைக்க வேண்டும். படம் நடக்கவில்லை. 1936இல் லண்டன் மேடையில் சி.எல்.ஆர். ஜேம்ஸ் எழுதிய நாடகத்தில் துசான் லூவர்த்யூராக நடித்ததோடு சரி.

அதற்குப் பிறகு ராப்சன் கத்தரியைக் கைப்பற்றப் பார்த்தார். 'சாங் ஆஃப் ஃப்ரீடம்' (1936) படத்தில் இறுதி வடிவத்தை ஒப்புக்கொள்ளும் உரிமையை ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்கினார். அந்த ஆண்டே வந்த 'ஷோ போட்' படத்தில் மூட்டை சுமக்கும் ஜோவாக வந்து மிசிசிப்பி நதியைப் பற்றிப் பாடினார். உலகம் முழுக்க அவரை அடையாளம் காட்டிய பாட்டு. சோர்ந்து, வாழவும் முடியாமல் சாகவும் பயந்து நிற்கும் ஒருவனின் பாட்டாகவே வெள்ளைப் பாடலாசிரியர் அதை எழுதியிருந்தார். 1930களின் பிற்பாதியில், ஸ்பெயின் யுத்தம் நடந்துகொண்டிருந்தபோது, கச்சேரி மேடைகளில் ராப்சன் சொற்களை மாற்றிவிட்டார். அழுகை போய், சாகும்வரை போராடுவேன் என்றானது. மெட்டு அதே மெட்டு, நதி அதே நதி. திரையில் முடியாததை மேடையில் செய்துகொண்டார். கொலம்பியாவில் படிக்கப்போன பூபேன் ஹசாரிகா அவரைச் சந்தித்து, அந்த நதியைப் பிரம்மபுத்திராவாக்கி அசாமியில் பாடியது நமக்குப் பக்கத்துச் செய்தி.

அவர் பெருமையோடு சொல்லிக்கொண்ட ஒரே படம் 'தி ப்ரௌட் வேலி' (1940). வேல்ஸ் நிலக்கரிச் சுரங்கத்துக்கு வேலை தேடி வரும் டேவிட் கோலியாத் என்ற கறுப்பினத் தொழிலாளி. வேல்ஸ் சுரங்கத் தொழிலாளரோடு ராப்சனுக்கு 1920களின் இறுதியிலேயே பழக்கம். பட்டினியோடு லண்டன் தெருவில் பாடிக்கொண்டு நடந்த அவர்களோடு இவரும் சேர்ந்து நடந்திருக்கிறார். சுரங்கத்துக்குள் இறங்கிவிட்டால் எல்லாரும் கறுப்புத்தானே என்று படத்தில் ஒரு பாத்திரம் கேட்கிறது. நல்ல படம்தான். ஆனாலும் இரண்டு விஷயங்கள் உறுத்துகின்றன. மூடிய சுரங்கத்தைத் தொழிலாளர்களே எடுத்து நடத்துவதாக இருந்த முடிவு, போர் வந்ததும், முதலாளியோடு ஒத்துழைத்து நாட்டுக்கு நிலக்கரி வெட்டுவதாக மாற்றப்பட்டது. இன்னொன்று, உயிரைக் கொடுத்து மற்றவர்களைக் காப்பாற்ற வேண்டிய கட்டத்தில் சீட்டு விழுவது வெள்ளைக்கார இளைஞனுக்கு. டேவிட் அவனை அடித்து மயக்கிவிட்டுத் தானே போய்ச் சாகிறான். தோழமை மிகுந்த படத்திலும் தியாகம் செய்கிற உடல் எது என்பது முன்பே முடிவாகிவிட்டது.

'டேல்ஸ் ஆஃப் மன்ஹாட்டன்' (1942) கடைசி. விமானத்திலிருந்து விழும் கோட்டுப் பையில் பணம். ஏழைக் குத்தகை விவசாயிகள் அதைக் கடவுள் கொடுத்ததென்று பாடிக் கும்பிடுகிறார்கள். தெற்கத்திய கறுப்பின விவசாயிகளின் துயரத்தைக் காட்டலாம் என்று நம்பிப் போன ராப்சனுக்கு மீண்டும் அதே கதி. இந்த முறை அவர் சமாதானம் எதுவும் சொல்லவில்லை. படத்தைக் கண்டித்துப் பத்திரிகைகளில் பேசினார், தியேட்டர் வாசலில் மறியல் நடந்தால் நானும் வந்து நிற்பேன் என்றார். ஹாலிவுட்டை விட்டார். வயது 44. அடுத்த ஆண்டு பிராட்வேயில் ஒத்தெல்லோ, 296 காட்சிகள்.

பிறகு நடந்தது பலருக்கும் தெரிந்ததே. பனிப்போர் தொடங்கிவிட்டது. 1949இல் பீக்ஸ்கில்லில் அவருடைய கச்சேரிக்கு வந்தவர்களைக் கல்லால் அடித்தார்கள். 1950 மார்ச்சில் எலினார் ரூஸ்வெல்ட் நடத்திய நிகழ்ச்சியில் அவர் தோன்ற இருந்ததை என்பிசி தொலைக்காட்சி ரத்து செய்தது. அந்த ஆண்டே பாஸ்போர்ட் போயிற்று. 1957 மே மாதம் அட்லாண்டிக் கடலடிக் கேபிள் வழியாக நியூயார்க்கிலிருந்து பாடினார், லண்டன் செயின்ட் பேங்க்ராஸ் நகர மண்டபத்தில் மக்கள் கூடிக் கேட்டார்கள். மேடையில் ஆள் இல்லை. சினிமாவில் உடல் இருந்தது, அர்த்தம் வேறொருவருடையது. இங்கே உடல் கிடையாது, குரலில் எவரும் கை வைக்க முடியவில்லை.

இத்தோடு முடித்தால் நமக்குச் சௌகரியம். நண்பர் பீடியை அணைத்துவிட்டு வந்து கேட்ட கேள்வி ஆனால் இன்னும் முடியவில்லை.

1949 ஜூனில் ராப்சன் மாஸ்கோவில் இருந்தார். தன் பழைய நண்பர், யித்திஷ் கவிஞர் இட்சிக் ஃபெஃபரைப் பார்க்க வேண்டுமென்று கேட்டார். ஃபெஃபர் அப்போது சிறையில். அவரைச் சுத்தப்படுத்தி ஹோட்டல் அறைக்கு அழைத்து வந்தார்கள். அறையில் ஒட்டுக்கேட்கும் கருவி இருப்பதைச் சைகையால் உணர்த்தி, வாய் ஒன்று பேச, கையாலும் காகிதத்தாலும் வேறொன்றைச் சொன்னார் ஃபெஃபர்: மிகொயெல்ஸ் கொல்லப்பட்டுவிட்டார், எங்களுக்கும் அதுதான். இது ராப்சனின் மகன் பிற்காலத்தில் சொன்னது. அன்றைய கச்சேரியில் ராப்சன் அவர்கள் இருவர் பெயரையும் சொல்லி, வார்சா யூதர்களின் எழுச்சிப் பாடலை யித்திஷ் மொழியிலேயே பாடினார். அந்த மண்டபத்தில், அந்த ஆண்டில், அது சாதாரணத் துணிச்சல் அல்ல. ஆனால் அமெரிக்கா திரும்பியதும், சோவியத்தில் யூதர்களுக்கு எந்தக் குறையும் இல்லை என்றார்.

ஏன்? சொன்னால் எதிரிக்கு உதவும். இந்த வாக்கியத்தை நாமும் எத்தனை கூட்டங்களில் சொல்லியிருக்கிறோம்! நானே சொல்லியிருக்கிறேன், என்னிடமும் சொல்லப்பட்டிருக்கிறது. 1956 ஜூனில் அமெரிக்க நாடாளுமன்ற விசாரணைக் குழு ஸ்டாலினைப் பற்றி அவரைத் துருவியபோது, அது சோவியத் மக்களின் பிரச்சினை, அடிமைகளின் பிணங்களின் மேல் இந்த நாட்டைக் கட்டியவர்களிடம் அதைப் பேசமாட்டேன் என்ற பொருளில் பதில் சொன்னார். அந்த அறையில் அந்தப் பதில் சரிதான் என்பேன், இன்றும். அந்த அறைக்கு வெளியே, தன் தோழர்கள் மத்தியில், அதைப் பேசியிருக்க வேண்டும் என்பதிலும் எனக்குச் சந்தேகமில்லை. கோர்டாவின் கத்தரியை அவர் வெறுத்தார். ஹோட்டல் அறையில் பார்த்ததை அவரே வெட்டினார், எவரும் கேட்காமலே.

ஃபெஃபர் 1952 ஆகஸ்ட் 12 அன்று சுட்டுக் கொல்லப்பட்டார். அந்த ஆண்டின் ஸ்டாலின் சமாதானப் பரிசு பெற்றவர்களில் ராப்சனும் ஒருவர். 1958இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பால் பாஸ்போர்ட் திரும்பக் கிடைத்தது. 1961இல் மாஸ்கோவில் ஓர் ஹோட்டல் அறையில் மணிக்கட்டை அறுத்துக்கொண்டார். பிறகு லண்டன் மருத்துவமனையில் மின்னதிர்ச்சிச் சிகிச்சை, பலமுறை. கடைசி ஆண்டுகளில் ஃபிலடெல்ஃபியாவில் தன் அக்கா வீட்டில் இருந்தார், பொதுவெளியில் அதிகம் வரவில்லை. 1976 ஜனவரி 23இல் இறந்தார். வட்டத்தின் சுவரில் அந்தப் படம் இன்னும் இருக்கிறது. கழற்ற வேண்டுமென்று ஒரு தடவை பேச்சு வந்தது. நான் வேண்டாம் என்றேன். பக்கத்தில் ஃபெஃபரின் படத்தையும் ஒட்டலாம் என்றார் பீடி நண்பர். அவர் படம் எங்கே கிடைக்கும் என்று தேடிக்கொண்டிருக்கிறோம்.